எல்லோரும் பாஸான மதியமும் ஒன்பதாவது பாரமும்

1. கதவருகே நின்றவர்

நாங்கள் அச்சடித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் ஒன்பதாவது பாரம் பிளேட்டுக்குப் போக வேண்டிய நாளன்று காலையில் சகாயராஜ் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர் அவர்தான். "எந்த மிஷின்ணே இன்னைக்குப் படுத்துருச்சு?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டேதான் எப்போதும் நுழைவார். அன்று நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. வந்தவர் கதவருகிலேயே நின்றார்.

"அண்ணே, செத்த வெளிய வாரீங்களா?"

போனேன்.

"புத்தகத்துல என்னையப் பத்தி வருதாம்ல. முதலாளி டீக்கடையில சொல்லிட்டு இருந்தாரு. நெசமா?"

எனக்குப் பேச்சு குறைவு. தலையை ஆட்டினேன்.

"எம்புட்டு இருக்கு?"

"பதினெட்டு வரி."

"எம்பேரு?"

"தலைப்பே உங்க பேருதான். கொட்டை எழுத்துல."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். தாடிக்கொம்பு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் கம்ப்யூட்டர் வாத்தியாராகச் சேரப்போவதாகச் சொன்னார். "ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு எல்லாம் தெரியும்ணே. நானே சொல்லிட்டுத்தான் வேலை கேட்டேன். பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. இந்தப் புத்தகம் எல்லாப் பள்ளிக்கூட லைப்ரரிக்கும் போகுதாம்ல? பயலுக கையில கிடைச்சா முதல்ல எதைத் தேடுவானுக? வாத்தியார் பேரைத்தான் தேடுவானுக. போர்டுல நான் ஒரு எழுத்து எழுதுறதுக்கு முன்னாலயே கதை முடிஞ்சிரும்."

நான் என்ன செய்ய முடியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

2. என் வேலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் சேர்ந்து ஈய எழுத்து கோத்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியபோது தமிழ்த் தட்டச்சும் பக்கம் கட்டுவதும் கற்றுக்கொண்டேன். இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பக்கங்களைக் கட்டி, திருத்தி, பட்டர் சீட் என்கிற மெல்லிய தாளில் பிரிண்ட் எடுத்து, அதிலிருந்து பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட்டுவிட்டால் அந்தப் பதினாறு பக்கமும் கதவு சாத்தின மாதிரி. அப்புறம் ஒரு வரியைக்கூட அசைக்க முடியாது.

அந்தச் சமயத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது எங்கள் மாவட்டத்துக்கான ஒரு கலைக்களஞ்சியம். ஊர், கோயில், சர்ச், பயிர், தொழில், மனிதர்கள் என்று எல்லாம் அகரவரிசையில். ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர் பதிப்பாசிரியர். அவருக்குத் துணை விக்டோரியா டீச்சர், அவரும் ஓய்வு பெற்றவர். இருவரும் எங்கள் அச்சகத்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு காலையில் ஆரம்பிக்கும் சண்டை, வடை வந்தால் நிற்கும், வடை தீர்ந்தால் தொடரும்.

புத்தகத்தில் இடம் கேட்டு வந்தவர்கள் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வருவார்கள். ஒருவர் ஒரே மூச்சில் நாற்பத்தைந்து இட்லி சாப்பிட்டவர். "அப்பு, நம்ம படம் எத்தனாவது பக்கம்?" என்று என்னிடமே கேட்டார். ஆயக்குடி கொய்யாத் தோப்புக்காரர் ஒருவர், "ஏனுங்க, கொய்யாவைப் பத்திப் போடறீங்க, வளர்த்தவனைப் பத்திப் போட மாட்டீங்களா?" என்று ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். பழத்தை டீச்சர் வாங்கிக்கொண்டார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேராசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவரைப் பற்றி வெளியாட்கள், தனித்தனியாக, ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் பதிவு உண்டு. இல்லையென்றால் அமைச்சரே சிபாரிசு செய்தாலும் கிடையாது. இத்தனை பேர் உள்ளே வரத் துடித்தபோது, வேண்டாம் என்றவர் சகாயராஜ் ஒருவர்தான். அவருக்குத்தான் அந்தச் சட்டப்படி இடம் இருந்தது.

3. அந்த மதியம்

அதற்கு ஆறு வருடத்துக்கு முன் சகாயராஜ் ஒரு கல்லூரி மாணவர். ஒரு பேப்பரில் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கல்லூரியின் இணையத்தளத்துக்குள் புகுந்தார். தன் ஒருவனுக்கு மட்டும் மார்க்கை மாற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்து எல்லோரையும் பாஸ் ஆக்கிவிட்டார்.

ஒரு மதியம் முழுவதும் அந்தக் கல்லூரியில் ஃபெயில் என்று ஒருவர்கூட இல்லை. பரீட்சைக்கே போகாதவர் முதல் வகுப்பு. பேக்கரிகளில் லட்டு தீர்ந்துபோய் மிக்சர் கொடுத்தார்கள். ஒரு அப்பா மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாராம். மகனுக்கு எடை எழுபது கிலோ.

சாயங்காலத்துக்குள் குட்டு உடைந்தது. ஆளைக் கண்டுபிடிப்பதும் பெரிய காரியமாக இல்லை. பிரவுசிங் சென்டர் நோட்டில் பெயர், விலாசம், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் அவரே எழுதிவிட்டுப் போயிருந்தார். கைது, வழக்கு, ஒரு வாரம் எல்லாப் பேப்பரிலும் படம். சிறைக்கும் போய் வந்தார். கல்லூரிப் படிப்பை அப்புறம் வேறிடத்தில் முடித்தார்.

அதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. நிஜமாகவே பாஸ் செய்த பிள்ளைகளின் மார்க்கையும் இரண்டு மாதம் யாரும் நம்பவில்லை. சிலருக்கு வேலையில் சேருவது தள்ளிப்போனது.

4. முப்பது துணுக்கு

அதற்கு முந்தின வாரமே இந்தப் பதிவை வைத்துப் பேராசிரியருக்கும் டீச்சருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது.

"எங்கிட்ட முப்பது பேப்பர் துணுக்கு இருக்கு டீச்சர். முப்பது! நம்ம மாவட்டத்துல பாதிப் பெரிய மனுசங்களுக்கு மூணு தேறல."

"முப்பதும் ஒரே வாரத்துல வந்தது சார். அதுக்கப்புறம் அந்தப் பையன் தும்முனானா இருமுனானான்னு ஒரு பேப்பரும் எழுதலையே."

"சரித்திரம்னா நல்லவங்க மட்டும்தானா? பழைய கொள்ளைக்காரன் ஒருத்தனுக்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கோமே?"

"அவரு இருவது வருசம் கொள்ளையடிச்சாரு சார். இவன் ஒரு மத்தியானம்."

முதலாளி வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். அன்று தீர்ப்பு பேராசிரியர் பக்கம். பதிவு என் மேசைக்கு வந்தது. தெரிந்தவர் பற்றியது என்பதால் எனக்குக் கூச்சமாக இருந்தது. வேகவேகமாக அடித்து, சரியாகப் படித்துப் பார்க்காமல் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அது என் தப்பு. அது எனக்குப் புரிந்தது சகாயராஜ் வந்துபோன அந்தக் காலையில்தான்.

அந்தப் பாரத்துக்குள் இடம் பண்ணுவதற்காக, டீச்சர் எழுதியிருந்த சின்னாளபட்டி பதிவில், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பகுதியை வெட்டியிருந்தோம். டீச்சர் அதற்காக இரண்டு நாள் வடை சாப்பிடவில்லை.

5. பென்சில்

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மனிதர்களைப் பற்றிய பதிவெல்லாம் ஒரே வரிசையில் வரும். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, தொழில், செய்த காரியங்கள், குடும்பம், பிற்காலம். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் புள்ளி வரிசை வைத்து, மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். நானூறு பதிவுக்கு மேல் அப்படி அனுப்பியிருந்தேன். சகாயராஜ் பதிவுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை.

இப்போது செய்தேன். பேராசிரியர் பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட வருவார். அதற்குள் பதினெட்டு வரியையும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பதினெட்டும் ஒரே மதியத்தைப் பற்றியவை. பிறந்த ஊர் இல்லை, புள்ளி வைத்தேன். பெற்றோர் இல்லை, புள்ளி. தொழில், குடும்பம், பிற்காலம், எல்லாம் புள்ளி. ஓரத்தில் ஐந்து கேள்விக்குறி.

பேராசிரியர் வந்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்ப்பா காளிமுத்து, என்னப்பா இது, கோலம் போட்டு வச்சிருக்க?"

"விட்டுப்போச்சுங்க ஐயா."

"போன வாரம் கேக்க வேண்டியதுதான?"

"தப்புதாங்க ஐயா."

அவர் முப்பது துணுக்கையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் படித்தார். டீச்சரும் கண்ணாடி போட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டார். அரை மணி நேரம் போனது. எந்தத் துணுக்கிலும் அம்மா பெயர்கூட இல்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். மெல்லச் சொன்னேன். "ஐயா, மத்த பதிவெல்லாம் ஒரு ஆளைப் பத்தி இருக்கு. இது ஒரு மத்தியானத்தைப் பத்தி இருக்கு. தலைப்புல மட்டும்தான் ஆளு இருக்காரு."

அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு நீளமாக நான் பேசி முதலாளி கேட்டதில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

பேராசிரியர் லேசில் விடுகிறவர் இல்லை. "ஆளு இங்கனதான இருக்கான்? கூப்பிடு அவனை. கேட்டு நிரப்பிருவோம்."

காப்பாற்றப் போய் நானே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

6. பேட்டி

சகாயராஜ் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"எங்கப்பா பொறந்த?"

"மேட்டுப்பட்டி ஐயா."

"அப்பா?"

"லாரி செட்டுல லோடு ஏத்துவாரு. அம்மா வீட்டுலதான்."

"சின்ன வயசுலயே ரேடியோவைப் பிரிச்சு மாட்டுனேன், அப்படி ஏதாச்சும்?"

"பிரிச்சேன் ஐயா. மாட்டத் தெரியல. அப்பா வெளுத்துட்டாரு."

"பரிசு கிரிசு?"

"மூணாவது படிக்கையில சாக்கு ஓட்டத்துல ரெண்டாம் பரிசு. சோப்பு டப்பா."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்? கம்ப்யூட்டர்ல புதுசா ஏதும் கண்டுபிடிச்சியா?"

"பிரிண்டர்ல சிக்குன பேப்பரை எடுப்பேன். கீபோர்டுல எறும்பு ஏறியிருந்தா தட்டிவிடுவேன். அம்புட்டுத்தான் ஐயா."

"வேற பெருசா ஒண்ணுமே செய்யலையா?"

"இல்ல ஐயா."

"இனிமேயாச்சும் செய்யிற உத்தேசம்?"

"சத்தியமா இல்ல ஐயா!"

முதலாளிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "ஏலே, டீக்கடையில உன்னையப் பத்தி எம்புட்டுப் பெருமையாச் சொன்னேன்!"

பேராசிரியர் எழுதியதைத் தனக்குள் படித்துப் பார்த்தார். நிரப்ப நிரப்ப அது எங்கள் தெருவில் யாருக்கும் பொருந்துகிற கதையாக ஆகிக்கொண்டிருந்தது. பேனாவை மூடினார். "தம்பி, இதைப் போட்டா அந்த இட்லிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது? அப்ப நீ ஒண்ணும் முக்கியமான ஆளு இல்லைன்னு சொல்ற?"

"ஆமா ஐயா! கொஞ்சம்கூட இல்ல ஐயா!"

தான் முக்கியமில்லை என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. பேராசிரியர் முதலில் சிரித்தார், அப்புறம் டீச்சர், அப்புறம் எல்லோரும்.

ஆனால் சகாயராஜ் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒன்று சொன்னார். "நடந்ததை எழுதுங்க ஐயா. நெசமா பாஸ் பண்ணுன பிள்ளைக ரெண்டு மாசம் பட்ட பாட்டையும் எழுதுங்க. அதை விட்டுறாதீங்க. எம்பேரு மட்டும் வேணாம்."

பேராசிரியர் மூடின பேனாவை மறுபடி திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தேர்வுன்னு தலைப்பு வச்சா எந்தப் பாரம்ப்பா?"

"பன்னெண்டுங்க ஐயா. இன்னும் கட்டல."

"அங்க போடு. 'தேர்வு முடிவுத் தள ஊடுருவல்'. 'ஒரு மாணவர்'னு இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு நாலு வரி கூட்டிக்க. இங்க காலியாகுற பதினெட்டு வரிக்கு என்ன பண்ணுவ?"

டீச்சரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பைக்குள் கைவிட்டு சுங்குடி முடிச்சுப் பகுதியை எடுத்துக்கொண்டிருந்தார். வெட்டியது பதினேழு வரி. ஒரு வரி இடைவெளியைப் பத்திகளுக்கு நடுவே பகிர்ந்து விட்டேன். மூன்று மணிக்கு ஒன்பதாவது பாரம் பிளேட்டுக்குப் போனது. அன்று டீச்சர் மூன்று வடை சாப்பிட்டார்.

7. நான் கற்றுக்கொண்டது

ஒருவரைப் பற்றி என்று தலைப்பு வைத்தால், உள்ளே அவர் முழுதாக இருக்க வேண்டும். ஒரு நாளைப் பற்றி எழுத ஆசை என்றால் அந்த நாளையே தலைப்பாக வைக்கலாம். அதன் பிறகு நான் கட்டிய மலர், வரலாறு, நினைவு நூல் எல்லாவற்றிலும் இதைப் பார்த்தேன், என் வேலை இல்லை என்று நினைக்காமல் கேட்டும் இருக்கிறேன்.

புத்தகம் வெளியாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. காலாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயத்தில் சகாயராஜ் வந்தார், பழைய மாதிரி சத்தமாக.

"அண்ணே, பயலுக பன்னெண்டாவது பாரத்துல இருக்குற பதிவைக் கண்டுபிடிச்சுட்டானுக. கிளாஸ்ல எந்திரிச்சு, 'யாரு சார் அந்த மாணவர்?'னு கேட்டானுக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தாண்டான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அந்த ரெண்டு மாசக் கதையையும் சொன்னேன். பிள்ளைக நல்லாக் கேட்டுச்சுக. கடைசியில பின் பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சு, 'சார், கணக்குக்கு மட்டும் ஏதாச்சும் பார்த்துப் பண்ண முடியுமா சார்?'னான். கிளாஸே உருண்டுருச்சு. நானும்தான்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் பெயரை அச்சில் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் அவரைக் கண்டுபிடித்திருப்பார்கள். போடாததால் அவரே எழுந்து நின்று சொன்னார்.