சிகரெட் சாப்பிட வேண்டாமாம்

பேய், ஆவி, செத்தவர் திரும்பி வருவது, இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் மொட்டைமாடியில் வெள்ளையாக ஏதோ ஆடுகிறது என்று பிளாக்கே நடுங்கியபோது, ஏறிப்போய், காயப்போட்டு மறந்த வேட்டியை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டியவன் நான். மீனா, நீ ஜாதவ்பூரில் பிசிக்ஸ் படித்தவள், இதைப் படித்தால் சிரிப்பாய். ரவி, "பாபா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பான். கேட்கட்டும். உங்கள் இருவருக்கும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத முடியும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். நான் வாய் திறக்க மாட்டேன். அந்த நாட்களில் உங்களைக் கிதிர்பூர் மாமா வீட்டில் விட்டிருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்த வழியாகத்தான். குரல் வராது. என்னைப் பார்த்து உதட்டை அசைப்பாள், எனக்கு ஒன்றும் புரியாது, நான் சும்மா தலையாட்டுவேன். அப்படியே போய்விட்டாள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை, அதுதான் உண்மை.

உங்கள் அம்மா கிதிர்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். வங்காளிகள் தண்ணீரையும் சாப்பிடுவார்கள், டீயையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான். அதை அப்படியே தமிழில் போட்டு, "சிகரெட் சாப்பிடாதீங்க" என்பாள். "அதென்ன வடையா, சாப்பிட?" என்று கிண்டல் பண்ணுவேன். "வடையா இருந்தா ரெண்டோட நிறுத்துவீங்களே" என்பாள்.

அப்போது இலங்கையில் சண்டை நின்றிருந்தது. எங்கள் தெருவுக்கே அண்ணனான பிஸ்வாஸ் தா ஒரு குழு சேர்த்து, சமையல்காரர், கடுகெண்ணெய் டின் எல்லாவற்றோடும் ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்தார். அம்மாவும் நானும் முன்னாலேயே பேர் கொடுத்திருந்தோம், அவளுக்கு அந்தத் தீவைப் பார்க்க அவ்வளவு ஆசை. அவள் போனபிறகு நான் வரவில்லை என்றேன். மாமாதான், "அவளுக்காகவாவது பார்த்துட்டு வாங்க அத்தான்" என்று பிடித்துத் தள்ளி அனுப்பினார்.

கொழும்பிலிருந்து பஸ். யானை, கோயில், கண்டி ஏரி என்று வழிகாட்டி மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். என் பக்கத்து ஜன்னல் சீட் காலி; மரியாதைக்காக யாரும் அதில் உட்காரவில்லை. என் பையை அதில் வைத்திருந்தேன். யானை தெரிந்தால் வாய் தன்னால் "அங்க பாரு" என்று சொல்லிவிடும், பார்த்தால் பை.

நுவரெலியா போகும் மலைப்பாதையில் மத்தியானம் ஓர் அருவிக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. ஒரே மூடுபனி. எல்லோரும் வழிகாட்டியோடு அருவிக்கு இறங்கிப் போய்விட்டார்கள், டிரைவரும்கூட. நான் மட்டும் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பெண்.

"ஐயா இந்தியாவா?"

"கல்கத்தா."

"அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்களா!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே டீ போட உள்ளே போனாள். நான் வெளியே வந்து சாலைக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் டீயோடு வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

"ஐயா, அம்மா சொல்லச் சொன்னாங்க. சிகரெட் சாப்பிட வேணாமாம்."

சிகரெட்டைக் கீழே போட்டேன்.

"சிகரெட்டப் போயி யாராச்சும் சாப்பிடுவாங்களா? நல்ல அம்மாதான்!"

"எந்த அம்மா?"

"உங்க வீட்டு அம்மாதான். இந்தப் பக்க வாசல்ல வந்து சொல்லிட்டு பஸ்ல ஏறிட்டாங்களே."

நம்பினால் நம்புங்கள், ஓடினேன். பஸ் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை, என் சீட்டுக்குப் பக்கத்தில் பை வைத்தது வைத்தபடி. சீட்டுகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அதற்குள் எல்லோரும் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். "கி ஹொலோ தாதா?" என்று பிஸ்வாஸ் தாவின் மனைவி கேட்டார், என்ன ஆச்சு அண்ணா என்று. ஒன்றுமில்லை என்று கீழே இறங்கினேன். அந்த பஸ்ஸில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழில் ஒரு சொல் வராது. வங்காள மொழியில் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. நீ சொல்லப்போகும் காரணங்களை எல்லாம், மீனா, நானும் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். டீக்குக் காசு கொடுக்கக் கடைக்குப் போனேன், அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அம்மாவுக்குத் தொண்டையில வருத்தமா ஐயா? கழுத்தப் பொத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க. காத்துதான் வந்திச்சு. ரெண்டு தடவ சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கிச்சு."

அந்த ஊரில் வருத்தம் என்றால் நோய் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நான் "ஆமாம்மா, ரொம்ப வருத்தம்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் சீட்டைக் கொழும்பு வரை காலியாகவே விட்டிருந்தேன்.

அதற்கப்புறம் நான் சிகரெட்டைத் தொடவில்லை, உங்களுக்கே தெரியும். நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லியாயிற்று; அம்மா கடைசியாகச் சொன்னது அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டாளே என்று எனக்கும் ஒரு நிம்மதி. ஆனால் அவள் கழுத்தைப் பொத்திக்கொண்டு பேசினாள் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அங்கே போனபிறகும் அந்தத் துளை ஏன் ஆறவில்லை? இனிமேல் அம்மாவுக்கு ஒன்றும் வலிக்காது என்று உங்கள் இருவரையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னவன் நான்தானே.