அண்ணன் எஞ்சினை இறக்கச் சொன்னது

பின்பக்கம் எஞ்சின் வைத்த அந்த ஜெர்மன் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றுவது பெரிய வித்தை அல்ல. பாட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். முதலில் அதன் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அப்புறம் பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் கம்பி, டைனமோ ஒயர்கள். கடைசியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிணைக்கும் நான்கு போல்ட்டுகள். என் உத்தியோக காலத்தில் ஒரு நாள் லீவு வாங்க இதைவிட அதிகமாகக் கழற்ற வேண்டியிருந்தது.

மற்ற கார்களில் எஞ்சினை இறக்குவது என்று சொல்லிவிட்டுச் சங்கிலி போட்டு மேலேதான் தூக்குவார்கள். இதில் மட்டும் எஞ்சின் நிஜமாகவே கீழே இறங்கும். காரைத்தான் அதன் மேலிருந்து தூக்கி எடுக்க வேண்டும்.

கார் என் அண்ணனுடையது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ராயபுரத்தில் ரயில் யார்டு சுவரை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஐம்பதுகளின் நடுவில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர், ஓடாமல் நின்ற அந்தக் காரை இழுத்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணன் தலையில் கட்டினார். அண்ணன் அதை ஓட வைத்தார். ஞாயிறுதோறும் அண்ணியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணூர் வரை போய் வருவார். பிறகு ஒரு நாள் அவர் கிரேனை விட்டுக் கீழே இறங்கி நின்ற நேரத்தில் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று சரிந்தது. இடது கால் முழங்காலுக்கு மேல்வரை போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சோற்றுத் தட்டு வைத்தபடியே திரும்பி வரும். எப்போதாவது வாய் திறந்தால், போன காலின் பாதம் அரிக்கிறது என்பார். அண்ணி போர்வையின் மேல், ஒன்றுமே இல்லாத இடத்தில் விரலால் சொறிந்துகொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்பார் அண்ணன்.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு காலையில் அவர் தானாகவே சுவரை விட்டுத் திரும்பினார். விபத்துக்கு முன்பே காரில் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருந்ததாம். எஞ்சினை இறக்கிக் கிளட்ச் தட்டை மாற்றிவிட்டால் ஓட்டலாமாம். அன்று தட்டிலிருந்த இட்டிலியையும் தின்றார். அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி ஓடிச்சின்னா அவரு எழுந்துக்குவாரு. நீ படிச்சதெல்லாம் இங்க எடுத்து வுடாத."

கிளட்சை இடது காலால்தான் அமுக்க வேண்டும் என்பது கார் ஓட்டத் தெரியாத எங்கள் சந்துக்கே தெரியும். நான் அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்திரப் படம் வரைபவன். எனக்குத் தெரியாதா? நான் எதையும் எடுத்து விடவில்லை. புதுத் தட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து அவருடைய தோஸ்துகள் நாலு பேர் வந்தார்கள். அண்ணனைத் தூக்கிச் சந்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர்களில், கப்பலில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர் காரைச் சுற்றி வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னா மாமு இது, முன்னாடி டிக்கி கீது, பின்னாடி எஞ்சின் கீது? இத்த செஞ்சவன் திரும்பி நின்னுகினு செஞ்சானா?"

அண்ணன் சிரித்தார். அண்ணி வாசலை விட்டு உள்ளே போய்விட்டார். அழத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

காரோடு வந்த கையேட்டைத் திறந்து நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ரேடியோவில் ஏதோ வேற்றுப் பாஷைச் செய்தி ஓடுவதுபோல் நால்வரும் விட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு சுமைக்கு ஒருவர்தான் உத்தரவு. சைகை காட்டுகிறவரின் கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள். கப்பல் முதலாளியே கத்தினாலும் காதில் விழாது. அன்று அந்தக் கை அண்ணனுடையது. உள்ளங்கை தரையைப் பார்த்தால் இறக்கு. விரல்களை மடக்கினால் நில்.

உப்புக்காற்றில் போல்ட்டுகள் இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் திருகினோம். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பின்னால் இழுத்தோம். எஞ்சினின் கனம் கியர் ஷாஃப்டில் தொங்கிவிடக் கூடாது, தொங்கினால் தட்டு வளைந்துபோகும் என்று நான் வாசிப்பதற்குள் அண்ணனின் விரல்கள் மடங்கியிருந்தன. பிறகு உள்ளங்கை மெல்லத் தாழ்ந்தது. எஞ்சின் கோணிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தது. நாலு பேரும் பம்பரைப் பிடித்து வண்டியின் வாலைத் தூக்கி முன்னால் நகர்த்தினார்கள்.

பழைய தட்டு கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. நோயாளியின் வாக்குமூலத்தில் அந்த வரையில் பொய் இல்லை. புதுத் தட்டை நடுவாக வைத்து முடுக்கினேன். மத்தியானத்துக்குள் எஞ்சின் தன் இடத்துக்கு ஏறிவிட்டது. ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. அப்படியொரு வேலையை என் தொழிற்சாலையில் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி. கிளட்ச் பெடலை ஒருவர் அமுக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் படுத்துக்கொண்டு, கேபிள் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து நட்டைச் சரிசெய்ய வேண்டும். ஓட்டுகிற சீட்டில் தன்னை உட்கார வைக்கச் சொன்னார் அண்ணன். வைத்தார்கள். வலது காலால் அமுக்குவார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வண்டிக்கடியில் போனேன்.

"அமுக்குண்ணே" என்றேன்.

கேபிள் அசையவில்லை.

"அமுக்கிட்டேன்" என்றார் மேலேயிருந்து.

நான் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நுனியில் தடவிய கிரீஸில்கூட ஒரு கோடு விழவில்லை.

"இன்னாடா, தெரியுதா? அடி வரிக்கும் அமுக்கிகினு கீறேன்."

அவர் ஏமாற்றவில்லை. அந்தக் குரலில் நிஜமாகவே ஒரு கால் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது.

வின்ச் ஓட்டுகிறவர் கதவருகில் நின்றார். அவருடைய செருப்புகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவை ஓரடி பின்னுக்குப் போயின.

"ஆடலண்ணே" என்றேன்.

"நல்லாப் பாருடா."

"பாத்துட்டேன். ஆடல."

நான் வெளியே வந்தபோது அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெடல் இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

"மாமு, கிளட்ச் நல்லாத்தான் கீது" என்றார் வின்ச் ஓட்டுகிறவர், மெதுவாக.

"அப்போ எதுல கோளாறு?"

அந்தக் கோளாறு என் கையேட்டில் இல்லை. கை தாழ்ந்தபடியே இருந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். இந்த முறை அவை சுலபமாக வந்தன.

எஞ்சின் இறங்கியதும் தட்டைத் தன்னிடம் தரச் சொன்னார். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். புதுத் தட்டு, ஒரு கீறல் கிடையாது. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு அதை அண்ணியிடம் கொடுத்தார். திரும்பப் பூட்டச் சொல்வார் என்று நாங்கள் ஸ்பேனர்களோடு நின்றிருந்தோம்.

அவர் சொல்லவேயில்லை. தன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போய் விடச் சொன்னார்.