பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக்

தொலைக்காட்சியில் சுகாதார அமைச்சர் பேசத் தொடங்கியதும் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. சோபாவுக்கு முன்னால் விரித்திருக்கும் கம்பளம் அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்து கிடக்கிறது. "மெதுவா, மெதுவா! எங்க போறோம்னு சொல்லாமயே போய்க்கிட்டிருக்கான் பாரு இந்த ஆளு" என்கிறார். சாய்வு நாற்காலியில் கிடக்கும் கணவர் கண்ணைத் திறக்காமலேயே, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு, அவர் காதுல விழலை" என்கிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் தொழில். அவருடைய பழைய வெள்ளைக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இருக்கும் அவருக்கு ஒரு பிரேக். அந்தக் கால் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது, பேருந்துக்கும் வந்துவிட்டது. லிப்ட் இறங்கும்போதுகூட மிதிப்பார். பாதி ஊருக்கு அவர் 'பிரேக் அக்கா'தான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

ஸ்டியரிங்கை மட்டும் தொடவே மாட்டார். "அது ஓட்டறவங்க வேலை. அதுல கை வெச்சா அவங்களும் கத்துக்க மாட்டாங்க, நானும் நிம்மதியா இருக்க முடியாது. எனக்குக் குடுத்தது பிரேக்கு. அதை அழுத்த வேண்டிய நேரத்துல அழுத்தலைன்னா நான் எதுக்கு அந்த சீட்ல, வேடிக்கை பாக்கவா?" நடுரோட்டில் வண்டி அணைந்துபோய் அழுகிறவர்களிடமும் அதே குரல்தான். "நல்லா அழுது முடிங்க, அவசரமில்ல. காலை மட்டும் கிளட்ச்சுலருந்து எடுத்துடுங்க."

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் அரசு மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தை நம்பித்தான் அவர் உயிர் ஓடுகிறது. அங்கே இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. வாரத்துக்கு மூன்று முறை என்பது எல்லா நோயாளிகளுக்கும் இரண்டானது. இடைப்பட்ட நாட்களில் அவருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். அக்கா மருத்துவமனையைக் கேட்டார். துறையைக் கேளுங்கள் என்றார்கள். துறையைக் கேட்டார், உதிரி பாகம் வரவில்லை என்று கையை விரித்தார்கள். அமைச்சரோ எல்லா இயந்திரங்களும் நன்றாக ஓடுகின்றன என்று வாய் கூசாமல் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனார். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி. உறுப்பினர் ஒரு காலத்தில் அக்காவிடம் கார் பழகியவர்தான். பின்னால் பார்க்காமலேயே ரிவர்ஸ் எடுத்து ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்த பெருமை அவருக்கு உண்டு. விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்தார்.

"இதுக்கா அக்கா இவ்ளோ அலைஞ்சீங்க? பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். நாளையிலருந்து மாமாவுக்கு மூணாவது நாளும் கிடைச்சுடும்."

அந்த நொடியில் அக்காவுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கும் மனிதர் கண் முன்னால் வந்து நின்றார். ஆனாலும் வாய் வேறொன்றைக் கேட்டது.

"மெஷின் அதே மெஷின்தானே தம்பி? யாரை எறக்கிட்டு அவரை ஏத்துவீங்க?"

உறுப்பினரின் விரல் போன் மேலேயே நின்றது. "அப்ப நான் என்னதான் செய்யணும்கறீங்க? நானும் போய் அவங்ககிட்டக் கெஞ்சத்தானே முடியும்?"

"கெஞ்சறதுக்கு நானே போதுமே. அதுக்கு எதுக்கு ஊரே வரிசையில நின்னு ஓட்டுப் போட்டு உங்களை அனுப்பணும்? அவையில எழுந்து நின்னு கேளுங்க. எத்தனை ஓடுது, எத்தனை ஓடலை, எப்ப சரி பண்ணுவீங்கன்னு. நான் கேட்டா மந்திரி திரும்பிப் பாக்கமாட்டாரு. நீங்க கேட்டா பதில் சொல்லியாகணும்ல?"

"சொல்லித்தான் ஆகணும். ஆனா அவர் நம்ம கட்சிதான் அக்கா. நானே எழுந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

"என் அண்ணன் மகனுக்கும் நான்தான் கார் கத்துக்குடுத்தேன். அவன் செவுத்துல கொண்டுபோய் மோதப்போறப்ப, சொந்தமாச்சேன்னு பிரேக் அழுத்தாம இருந்தேனா?"

உறுப்பினர் சிரித்தார். பிறகு, "பாக்கலாம் அக்கா" என்று மழுப்பினார்.

வீட்டில்தான் அக்கா வசமாக மாட்டிக்கொண்டார். நடந்ததைக் கேட்டதும் கணவர், "மூச்சு வாங்கறது எனக்கு. வேணாம்னு சொன்னது நீ. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அவையில் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர் தன் வீட்டில் கேட்காமல் விட்டிருந்தார்.

"கேக்கலை. தப்புதான்" என்றார். "இப்ப கேக்கறேன். போய் அந்த மூணாவது நாளை வாங்கிட்டு வந்துடவா?"

கணவர் வீங்கிய காலை மெல்ல மாற்றி வைத்தார். "வேணாம், போ. இன்னைக்கு நமக்காக ஒருத்தனை எறக்கினா, நாளைக்கு இன்னொருத்தன் போன் போட்டு என்னை எறக்குவான். ஆனா ஒண்ணு. ஆரம்பிச்சுட்டே, பாதியில விட்டுட்டு வந்து என் முன்னாடி நிக்காதே."

பாதியில் விடுகிற ஆளா அவர்! மறுநாளே வண்டியை இடுக்கில் நிறுத்தப் பழகும் பாடத்தை, விளையாட்டுத் திடலிலிருந்து உறுப்பினரின் அலுவலக வாசலுக்கு மாற்றிவிட்டார். காலையிலிருந்து மாலைவரை அந்த வெள்ளைக் கார் அங்கே முன்னே போகும், பின்னே வரும், இருமும், அணையும். ஒழுங்காக நிறுத்திவிட்டால் அடுத்த பாடம் மாடிப்படி. "மேல போய் ஒரே வார்த்தை கேட்டுட்டு வாங்க. கேள்வி கேட்டாச்சான்னு." ரொட்டிக்கடைக்காரர் போய்க் கேட்டார். கல்யாணம் நிச்சயமான பெண் போய்க் கேட்டாள். வங்கிக் காவலாளி சல்யூட் அடித்துவிட்டுக் கேட்டார். செருப்புக் கடைக்காரர் தன் வாசலை மறிக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தவர், விவரம் தெரிந்ததும் தன் பங்குக்கு அவரும் மாடி ஏறினார். உறுப்பினரின் உதவியாளர் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், கீழே வந்து கெஞ்சியும் பார்த்தார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. "நாங்க என்ன மறியலா பண்றோம் சார்? பாடம் நடக்குது."

கடைசியில் உறுப்பினரே இறங்கி வந்து காரின் கண்ணாடியைத் தட்டினார். "எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. வர்ற கூட்டத்துல கேக்கறேன். தயவுசெஞ்சு பழைய இடத்துக்கே போயிடுங்க."

"நீங்க கேக்கறதை நான் நேர்ல பாக்கணும் தம்பி. பார்வையாளர் சீட்டு ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அவையின் பார்வையாளர் மாடத்தில் வாய் திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அக்கா முதல் வரிசையில் போய் அமர்ந்தார். கீழே உறுப்பினர் எழுந்து, தாளைப் பார்த்து, ஒரே மூச்சில் கேள்வியைப் படித்து முடித்தார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அமைச்சர் எழுந்தார். மக்கள் நலனில் அரசுக்குள்ள அக்கறையைச் சொன்னார், ஆவன செய்யப்பட்டு வருகிறது என்றார், பூசி மெழுகிவிட்டு உட்கார்ந்தார். எத்தனை ஓடவில்லை என்பதும் வரவில்லை, எப்போது சரியாகும் என்பதும் வரவில்லை. "அமைச்சருக்கு நன்றி" என்றபடி உறுப்பினர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முழங்காலை மடக்கினார்.

அக்கா எழுந்து நின்றார்.

காவலர் ஓடி வந்து, "உக்காருங்கம்மா, வெளிய அனுப்பிடுவாங்க" என்று கிசுகிசுத்தார். அக்கா வாயே திறக்கவில்லை. மாடத்துக் கம்பியைப் பிடித்தபடி கீழே அந்த ஒரு மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த யாரோ தலை தூக்கி மாடத்தைப் பார்க்க, உறுப்பினரும் பார்த்தார். பாதி மடங்கிய முழங்கால் அப்படியே நின்றது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை, அவைத் தலைவர் அவர்களே" என்றார். "எத்தனை இயந்திரங்கள் ஓடவில்லை? எந்தத் தேதிக்குள் ஓடும்? அமைச்சர் அதைச் சொல்ல வேண்டும்."

அவைத் தலைவர் அமைச்சரைப் பார்த்தார். காவலர் அக்காவின் தோளைத் தொட்டார். அமைச்சர் பின்னால் இருந்த அதிகாரிகளிடம் கை நீட்டி ஒரு தாளை வாங்கிக்கொண்டு, இரண்டாம் முறையாக எழுந்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அக்கா உட்கார்ந்தார்.