பின்பக்கம் பதிந்த தோணி

பேசாலையில் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லாரும் கைவிட்ட காணியில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அடுத்தவன் வலையைக் கூலிக்குக் கரைக்கு இழுத்தவன், பிறகு மீன் காயவைக்கிற கொட்டில், கருவாட்டு வாடி, சொந்தமாக மூன்று போட்டேன், ஓட்டு வீடு கட்டினேன், காற்று பிடுங்கிக்கொண்டு போன வாடியை அதே இடத்தில் திரும்பவும் கட்டினேன், ஒருவரும் கூரைக்கு ஒரு ஓலைக் கிடுகு தூக்கித் தரவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் பேய்க்கதை பேசித் திரிகிற ஆளில்லை. அந்தப் பேச்சு எழும்பினால் நானும் எழும்பிப் போய்விடுவேன். கையால் அளந்ததைத்தான் நம்புவேன். இதுவும் கையால் அளந்ததுதான், அதுதான் கரைச்சல்.

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கருவாட்டை யாழ்ப்பாணத்துக்கு நானே ஏற்றிப் போவதென்று முடிவு செய்து பாய்த்தோணி தேடினேன். போகப்போவது இரண்டே பேர், நானும் என் மனைவியின் ஒரே தம்பி செபமாலையும். தோணி ஏமாற்றினால் என் வீட்டில் ஒரே நாளில் இரண்டு சாவு, அதை நினைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

கரையில் இரண்டு தோணி விலைக்கு நின்றது. ஒன்று கட்டி இரண்டு வருஷம், நீலப் பூச்சு, பலகைகள் நூல் பிடித்தமாதிரி. மற்றது முப்பது வருஷம் ஓடினது, சந்தியோகுச் சம்மாட்டியுடையது. தோணியும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் செய்கிறவரைச் சம்மாட்டி என்போம். அவர் செத்து ஒரு வருஷம், பெண்சாதி மதலேனக்கா விற்கிறா.

மணலில் ஏறி நிற்கிற தோணியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, எந்தத் தோணியும் அங்கே அழகுதான். நான் இரண்டையும் தண்ணீரில் இறக்கி, பாய், மரம், நங்கூரம் எல்லாம் கழற்றி வெறுமையாக்கி, தண்ணீர் தொடுகிற இடத்தில் சுற்றிவரச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். இந்த முறையை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. காற்று மாறுகிற காலம், கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரிக் கிடந்தது. பகல் பத்து மணி. இருட்டில் கண் மயங்கினது என்று சொல்ல வராதேங்கோ.

புதியது நாலு பக்கமும் சமன். பழையது பின்பக்கம் இரண்டு விரல் பதிந்து நின்றது.

"தண்ணி குடிச்ச பலகை, அத்தான். புதுசை எடுப்பம்" என்றான் செபமாலை.

"நீ ஏறிச் சுக்கானடியில இரு. இன்னும் எவ்வளவு பதியுதெண்டு பாப்பம்."

ஏறி இருந்தான். நம்பினால் நம்புங்கள், கோடு அசையவில்லை. செபமாலை மாதிரித் தடித்த ஆள் இருந்தும் அதே இரண்டு விரல். இறங்கு என்றேன். இறங்கினான், தோணி சமனாக எழும்பியது. சரி என்று நான் மூச்சு விட, மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரம் ஒன்றைச் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் அது மெல்ல மெல்லத் திரும்பவும் இரண்டு விரல் பதிந்தது, யாரோ வந்து பக்குவமாக உட்கார்ந்த மாதிரி. மூன்று தரம் செய்து பார்த்தோம். மூன்று தரமும் அதே கணக்கு.

செபமாலை சிலுவை போட்டான். "இதில ஆரோ இருக்கினம், அத்தான். அக்காவைத் தாலி அறுக்க வைக்காதேங்கோ."

நான் நேரே மதலேனக்காவிடம் போனேன். அவ மீன் கீறிக்கொண்டிருந்தா. தோணி ஏன் பின்னுக்குப் பதிகிறது என்று கேட்டேன். தலை நிமிரவே இல்லை.

"அவர்தான், தம்பி. சுக்கான் பிடிச்சபடிதானே செத்தவர். ஆரும் வந்தா எழும்பி இடம் விடுவார், போனாப் பிறகு வந்து இருப்பார். மரியாதையான மனிசன்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"உயிரோட இருக்கேக்கையே நான் அவருக்குப் பயப்படேல்லை."

புதியது கண்டது இரண்டு வாடைக்காற்று. பழையது கண்டது முப்பது. நான் பழையதையே எடுத்தேன், ஊரே சிரித்தது. சுக்கானுக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்திருக்கிறான் என்று நானும் சிரித்தேன். செபமாலை முன்பக்கம்தான் நிற்பேன், பின்னுக்கு வரவே மாட்டேன் என்று சொல்லி, கோயிலில் ஆசீர்வதித்துத் தந்த உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினான்.

முதல் பயணத்திலேயே பின்னேரம் வடக்கே கறுத்து, முன்பக்கத்துக்குப் பின்பக்கம் தெரியாத மாதிரிக் காற்றும் மழையும் அடித்தது. சுக்கானில் நான். பாய்க்கயிறு அறுந்து, பாய் கட்டின மரம் வீசி வந்து என் தலையில் அடிக்க, கருவாட்டுச் சிப்பங்களுக்கு நடுவே அடித்தட்டில் குப்புற விழுந்தேன். வாய் நிறையத் தண்ணீர், நினைவு இருக்கிறது, கை கால் அசையவில்லை. சுக்கானில் ஆளில்லாத தோணி அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ வேண்டும், அதுதான் முறை. இது திரும்பவில்லை. கீழே கிடந்தபடி ஒரு கண்ணால் பார்க்கிறேன், சுக்கான் கட்டை தானாக ஆடவில்லை, ஒவ்வொரு அலைக்கும் முன்கூட்டியே, தெரிந்தவன் திருப்புகிற மாதிரித் திரும்பியது. அங்கே ஒருவரும் இல்லை.

காற்றும் மழையும் விட்டபிறகுதான் செபமாலை பின்னுக்கு வந்தான். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"எப்ப விழுந்தனீங்கள், அத்தான்?"

"முதல் அடியிலயே."

"அப்ப ஆர் என்னோட கதைச்சது? 'பாயை இறக்கு, நான் பிடிச்சிருக்கிறன், பயப்படாத மகன்' எண்டு? உங்கட குரல் அத்தான், சத்தியமா உங்கட குரல்."

அலைதான் சுக்கானைத் திருப்பியிருக்கும் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். சொல்லட்டும், அவர் வண்டியில் போகிறவர். பொய் சொல்லக் கூடாது, அந்த நீலத் தோணிக்கும் ஒன்றும் ஆகவில்லை, வேறொருவர் வாங்கி நன்றாகவே ஓடினார்.

ஊர் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. சந்தியோகுச் சம்மாட்டி கொண்டுவந்து சேர்த்தார் என்று அவர் பெயரில் பூசை கொடுத்தார்கள், கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். என் பெயரை ஒரு வாயும் சொல்லவில்லை. எல்லாரும் சிரிக்கச் சிரிக்க அந்தத் தோணியைத் தெரிவு செய்தது யார்? செபமாலை இன்றைக்கும் பைபிளில் கை வைத்துச் சொல்கிறான், கேட்டது என் குரல் என்று. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, நான் செபமாலையை ஒருநாளும் மகன் என்று கூப்பிட்டதில்லை, மச்சான் அல்லது டேய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடற்கரையில் யாரையாவது சத்தமாகக் கூப்பிட்டால், கூப்பிட்டது நான்தானா என்று நானே ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

சரி, அந்த மகன் என்ற ஒரு சொல்லைச் சம்மாட்டி எடுத்துக்கொள்ளட்டும். மற்றச் சொல்லெல்லாம் என் குரலில் வந்தது. இந்தக் கதையை இனி யார் சொன்னாலும் என் பெயரை முதலில் சொல்லிவிட்டு அவருடையதைச் சொல்லுங்கோ.