சாத்தே கரியும் ஒரு மண்புழுவும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சாலாக் செலாத்தான் புறநகரில் நாங்கள் குடிபோன வீட்டின் பின்புறம் வெறும் மணல். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலமாம். கொத்தமல்லி விதைத்தால்கூட எட்டிப் பார்த்துவிட்டுக் கருகிவிடும். என் கணவருக்கு அது வசதியாகப் போயிற்று.

"தீபாவளிக்குள்ள பின்னாடி பூரா சிமெண்டு போட்டுடலாம். சுத்தமா இருக்கும்" என்றார்.

"எனக்குத் தோட்டம் வேணும்."

"இந்த மணல்ல ஒரே ஒரு மண்புழுவைக் காட்டு. அப்புறம் சிமெண்டு பேச்சையே எடுக்க மாட்டேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே வழியும் கண்ணில் பட்டது. முச்சந்தியில் குச்சியில் இறைச்சி குத்திச் சாத்தே சுடும் மலாய்க்காரர் அணைந்த கரித்துண்டுகளையும் வெள்ளரித் தோலையும் கடைக்குப் பின்னால் கொட்டுவார். அங்கே மட்டும் ஒரு பப்பாளி, தாங்க முடியாமல் காய்த்து நின்றது! அதே மணல்தானே? ஓடிப்போய் இரண்டு சாக்குக் கரி கேட்டு வாங்கி வந்தேன்.

அம்மிக் குழவியால்தான் கரியை நொறுக்கினேன். மறுநாள் சட்னி கறுப்பாக வந்தது. கணவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சாப்பிட்டார். கரியோடு காய்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் கலந்து புதைத்து, தினமும் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். வெண்டை முளைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தே நாளில் அத்தனையும் வாடிச் சுருண்டது. அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் கண்டுபிடித்தார். வெளிக்குழாயடியில் நான் மீன் கழுவுவதை வேலிக்கு மேலாகப் பார்த்தவர், "ஐயோ, உப்பு லா! செடிக்கு உப்பா ஊத்துற?" என்று மலாயில் கத்தினார். நம் வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டு உரசாமல் மீன் எப்போது சட்டிக்குப் போயிருக்கிறது? கைப்பிடி கைப்பிடியாக உப்பை நானே என் வெண்டைக்கு ஊட்டியிருக்கிறேன்!

விடுவேனா? பாத்தியை இடம் மாற்றினேன். புதுக் கரியை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்தேன். பால்காரரிடம் சாணம் வாங்கிக் கலந்தேன். மழையும் கைகொடுத்தது. தீபாவளி நெருங்கியபோது வெண்டை என் இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது. ஆனால் பந்தயம் வெண்டைக்கு இல்லையே, புழுவுக்கல்லவா?

ஒரு சனிக்கிழமை காலை சிமெண்டு லோரி வந்தேவிட்டது. மேஸ்திரி அளவு நாடாவும் மண்வெட்டியுமாகப் பின்பக்கம் வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணே" என்று மண்வெட்டியைப் பிடுங்கினேன். முதல் வெட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கட்டியைப் புரட்டினேன். கறுத்த மண்ணிலிருந்து சிவப்பாக ஒன்று நெளிந்தது.

"இதோ! பாருங்க! மண்புழு!" தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

கணவர் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு அதன்மேல் கையால் மண்ணை மூடிவிட்டு, "அண்ணே, முன்பக்கம் மட்டும் போடுங்க" என்றார்.

மறுநாள் நான் மீன் கழுவ உட்கார்ந்தேன். உப்பு ஜாடியைக் காணோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாளியோடு பின்னால் நின்றிருந்தார் அவர்.

"முதல் தண்ணி செடிக்கு. இதுல ஊத்து. அப்புறம் உப்பு தரேன்."