ஒரே எண்ணுள்ள இரண்டு துப்பாக்கிகள்

எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. அரசாங்கத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். லைசென்ஸில் ஒரு துப்பாக்கியின் எண்தான் இருந்தது. அதே எண்தான் இரண்டிலும் வெட்டப்பட்டிருந்தது.

முதலாவது சீமையில் செய்தது. அது பண்ணை வீட்டுக்கு வந்த கதையைப் பண்ணையார் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். வெள்ளைக்காரக் கலெக்டர் அவருடைய பாட்டனாருக்குக் கொடுத்த பரிசு என்பார் ஒருநாள். புலி வேட்டையில் ஜெயித்தது என்பார் இன்னொருநாள். திருத்துறைப்பூண்டியைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான்; அங்கே புலி எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டாவது, அதைப் பார்த்து எங்கிருந்தோ வந்த ஒரு கொல்லர் செய்துகொடுத்த நகல். கட்டை, குழல், பெயர், எண் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் சுடாது. விருந்தாளிகளை ஏமாற்றி விளையாடவே பண்ணையார் அதைச் செய்யச் சொல்லியிருந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்து, "எது அசல், சொல்லுங்க பாப்போம்" என்பார். பட்டணத்து மனிதர்கள் பெரும்பாலும் பளபளப்பாக இருந்த நகலைத்தான் காட்டுவார்கள்.

அப்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து என் அப்பாவைக் கூப்பிடுவார்கள்.

அப்பா அந்தப் பண்ணையில் கூலியாள். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அவர் வேலைதான். எங்கள் தெருக்காரர்கள் அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது, துப்பாக்கியைத் தொடலாம். அப்பா கைகட்டி வாசற்படிக்கு வெளியே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, "இடது கைப்பக்கம் இருக்கறதுங்கையா" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. எப்படி என்று நான் கேட்டேன். அசல் குழலில் வாய்க்கால் தண்ணீர் சுழித்து ஓடுவது போல வரிவரியாக இருக்கும். "அது இரும்புக்குள்ளேயே ஓடுது பாப்பா. எத்தனை வருஷம் துடைச்சாலும் போவாது. இதுல மேலால வரைஞ்சிருக்கான். தேய்க்கத் தேய்க்க அழியுது" என்றார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஆங்கில எழுத்துப் படித்த முதல் ஆள். லீவு நாளில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, சாக்கின்மேல் கிடந்த துப்பாக்கிகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். லண்டன் என்று இரண்டிலும் போட்டிருந்தது. ஆனால் நகலில் 'என்' எழுத்து இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருந்தன. கொல்லருக்கு இங்கிலீஷ் தெரியாது; எழுத்தைப் படம் போலப் பார்த்து வெட்டியிருக்கிறார். சொன்னதும் அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார். அன்று மாலை தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். பக்கத்துக் குடிசையில் இருந்த சித்தப்பாவும் சித்தியும் என்னை உட்காரவைத்து, அந்த எழுத்தைத் தரையில் எழுதிக்காட்டச் சொன்னார்கள். "பண்ணையாரு கண்ணுக்கே தெரியாதத நம்ம புள்ள கண்டுபுடிச்சிருக்கு" என்று சித்தப்பா சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தச் சம்பா அறுவடையில்தான் தகராறு வந்தது. ஊருக்கு ஊர் கூலியாட்கள் சங்கத்தின் செங்கொடி ஏறியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவார் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை அழைத்துவந்தார். அவர்களை வயலில் இறங்கவிடாமல் வரப்பில் நின்றவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

அன்று காலை நான் பண்ணைக் கொல்லையில் அப்பாவோடு இருந்தேன். "கொக்கு நிறைய இறங்கியிருக்காம். போட்டுக் குடு" என்று பண்ணையார் கேட்டார். அப்பா அசல் துப்பாக்கியைத் துடைத்து, இரண்டு குழலிலும் தோட்டா போட்டு, இரு கையாலும் நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வயல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. "கொக்கு விழுந்திருக்கும்" என்றேன் நான். பிறகு ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சித்தப்பாவை வரப்பிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை. சித்தியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை இருந்தது.

சுட்டதைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் அவர்கள் எல்லோர் மேலும் கலகம் செய்ததாக வழக்குப் போட்டிருந்தார்கள்; அவர்கள் பேச்சு எடுபடவில்லை. பண்ணையார் தன் துப்பாக்கி பல வருடமாகக் கெட்டுக் கிடக்கிறது என்றார். யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருப்பார்கள் என்றார். விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள்.

அதற்கு முதல் நாள் பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் எங்கள் தெரு முனையில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஏண்டா, துப்பாக்கில தோட்டா போட்டது யாரு?"

அப்பா தலை குனிந்து நின்றார்.

"நாளைக்கு நல்லா யோசிச்சுப் பேசு. புள்ளகுட்டிக்காரன் நீ" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை இவர் ஏன் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

விசாரணை, அன்று லீவு விட்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாத்தியார் மேசையில் துப்பாக்கி கிடந்தது. பண்ணையார் நாற்காலியில் இருந்தார். எங்கள் தெருவார் வெளியே வெயிலில் நின்றார்கள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டேன். அதிகாரி லைசென்ஸைப் பிரித்து எண்ணை ஒப்பிட்டார். சரியாக இருந்தது. விசையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இந்தத் துப்பாக்கியத் துடைக்கிறவன் நீதானா?"

"ஆமாங்கையா."

"இதுதான் பண்ணையில இருக்கிற துப்பாக்கியா? வேற உண்டா?"

அப்பா ஒருமுறை பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் பார்ப்பாரே, அதே போலத்தான். "இதாங்கையா. வேற இல்லீங்க" என்றார்.

அப்பா முதல்முறையாகத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பதற்றத்தில் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்து, "இது அசல் இல்ல சார். 'என்' எழுத்து திரும்பியிருக்கு" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பண்ணையார் அப்பாவைப் பார்த்தார்.

"அது படிக்காத புள்ளைங்கையா. எழுத்து தெரியாது. எதையாச்சும் ஒளறும்" என்றார் அப்பா.

அதிகாரி மோசமானவர் இல்லை. எழுத்து திரும்பியிருப்பதை அவரும் பார்த்திருப்பார்; நான் தெரிந்துதான் சொல்கிறேனா என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கியை என் பக்கம் திருப்பி, எழுத்துகளின்மேல் விரலை வைத்து, "இத வாசி பாப்பா" என்றார்.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை. கொல்லையில் கட்டிப்போட்ட மாடு தண்ணீருக்குப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

வழக்கு அதோடு முடிந்தது. துப்பாக்கியை லைசென்ஸோடு திருப்பிக் கொடுத்தார்கள். அப்பாவைப் பண்ணையில் மறுபடி துப்பாக்கி துடைக்கக் கூப்பிடவில்லை. தெருவிலும் யாரும் அவரோடு பேசவில்லை. சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். படி என்று அப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைக் கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவர் இறந்த செய்தியைச் சொல்ல நானேதான் சித்தியிடம் போனேன். தேங்காய் மண்டியில் மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். காரியக்காரர் வந்து கேட்டதை, அப்பா தன் கையால் தோட்டா போட்டுக் கொடுத்ததை, எல்லாவற்றையும் சொல்லி, "அப்பா மேல கோவம் வச்சுக்காத சித்தி" என்றேன்.

சித்தி உரித்த மட்டையை ஓரமாகப் போட்டாள்.

"உங்கப்பாரு சொல்லமாட்டாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். மூணு புள்ளைய வச்சுக்கிட்டு அவரு என்னத்தச் சொல்லுவாரு? நான் அவரப் பாக்கல. சன்னலுக்கு வெளிய நின்னு உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அன்று அந்த அறையில் அப்பா ஒருவர்தான் என்னை நம்பி நின்றார் என்று பதினோரு வயதில் நான் நினைத்திருந்தேன்.