அண்ணி முடிந்து வைத்த நட்டுகள்

என் அண்ணியின் முந்தானை நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். மற்றப் பெண்கள் அதில் பஸ்ஸுக்குச் சில்லறையோ வெற்றிலையோ முடிந்திருப்பார்கள். அண்ணி முடிந்திருந்தது மூன்று நட்டுகளும் இரண்டு போல்ட்டுத் தலைகளும். ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் என்று ஐந்தும் வேறு வேறு அளவு. எங்கள் பழைய வேனில் எதைக் கழற்றினாலும் அநேகமாக இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் நடக்கும்போது முடிச்சு இடுப்பில் இடித்துச் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். "மணி கட்டுன மாடு வருது, வழி வுடுங்க" என்பார் அண்ணன். "மாடு இல்லன்னா உங்க வண்டி எப்டி ஓடும்?" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார்.

எங்கள் ஊர் கல்வராயன் மலைமேல் இருக்கிறது. வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அண்ணன் எப்படியோ ஒரு பழைய வேனை வாங்கிச் சந்தைக்குப் போகிறவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு மேலுக்கும் கீழுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே நோயாளி ஆனார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாக வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், படுக்க முடியாது. அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கியரைச் சொல்லிக்கொண்டே வர, அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தார். மணலூர்பேட்டை என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்து, மலைப்பாதையையே கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தவர், ஓட்டப் பழகிய மூன்றாவது மாதத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கினார்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் விட முடியாது. இரண்டு நாள் விட்டால் நடுவில் ஒரு செவ்வாயோ வெள்ளியோ வந்துவிடும். அதனால் சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்தோம். அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் கை நுழைகிற அளவுதான் இடம். ஸ்பானரை வைத்துத் திருப்ப முடியாது. அதற்கு நட் டிரைவர்தான் வேண்டும். பார்க்கத் திருப்புளி மாதிரியே பிடியும் நீளமான தண்டும் இருக்கும். நுனி மட்டும் தட்டையாக இல்லாமல், நட்டின் தலையைக் கவ்விக்கொள்ள ஆறு பக்கக் குழியாக இருக்கும். எங்கள் வீட்டில் அதைக் குழாய்த் திருப்புளி என்போம்.

அண்ணி அதை வாங்கிய விதத்தை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். அண்ணன் டயாலிசிஸில் படுத்திருந்த நேரம் அது. கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. நான் அப்போது பி.காம். கடைசி ஆண்டு, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அண்ணி கண்ணாடி மேஜைமேல் முந்தானையை அவிழ்த்து ஐந்து நட்டுகளையும் கொட்டினார். "இன்னாம்மா, நகை எட போட வந்தியா?" என்றார் கடைக்காரர். நின்றிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். "நகை இருந்தா உன் கடைக்கு ஏன்யா வரேன், அந்த நாலாவது டப்பாவ எடு" என்றார் அண்ணி. ஒவ்வொரு குழாய்த் திருப்புளியாக எடுத்து, அதன் வாய்க்குள் நட்டை வைத்து, காதருகே கொண்டுபோய் ஆட்டினார். உள்ளே நட்டு லொடலொடத்தால் ஒதுக்கினார். சத்தம் வராததை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஆறு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நட்டின் விளிம்பால் அந்த வாயின் உள்பக்கத்தை ஒரு இழு இழுத்தார். கோடு விழுந்தால் அது மெத்தென்ற இரும்பு. தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்றும் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார். போல்ட்டு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நட்டைப் பிடிக்க அது வேண்டும்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "நம்பருதான் போட்டிருக்குதில்ல? ஊர்ல எல்லாரும் நம்பரப் பாத்துத்தான் வாங்கிக்கினு போறாங்க."

"நம்பரு கம்பெனிக்காரன் போட்டது. நட்டு என்னுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல் இதையெல்லாம் செய்கிறாரே என்று, தெரியாதவள் மாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அன்று அரைமணி நேரம் கழித்து அவர் வாங்கியது ஒன்றே ஒன்று. அப்படி ஒவ்வொரு கடையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவைதான் அவருடைய ஐந்தும். ஒன்றுக்கு மரப்பிடி, ஒன்றுக்கு மஞ்சள் பிளாஸ்டிக். ஏழாம் அளவுக்குப் பிடி உடைந்துபோய், அதில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்.

படிப்பு முடிந்து கள்ளக்குறிச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அண்ணிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. போனில் தேடினேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரி விடாமல் படித்தேன். மெட்ரிக் அளவு, குரோம் பூச்சு, பதினான்கு உருப்படி, சிவப்புப் பெட்டி. வாங்கியவர்கள் எழுதியிருந்த பாராட்டுகளையும் படித்தேன். வீட்டில் வேறு யாராலும் அதைப் படித்திருக்க முடியாது என்ற நினைப்பு இனிப்பாக இருந்தது. பெட்டி வந்தபோது ஒவ்வொன்றும் தன் தன் குழியில், சின்னதிலிருந்து பெரியதுவரை, நம்பர் மேலே தெரியப் பளபளவென்று படுத்திருந்தன. அண்ணி மணலூர்பேட்டைக்குப் போயிருந்தார். வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று, சீட்டுக்கடியில் சாக்கில் கிடந்த பழையதையெல்லாம் எடுத்துவிட்டுச் சிவப்புப் பெட்டியை வைத்தேன். அன்றுதான் மொபெட்டில் பழைய இரும்புக்காரர் வந்தார். ஐந்தையும் அவரிடம் போட்டேன். பதிலுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் மக் கொடுத்தார். அதையும் உபயோகப்படும் என்று வேனில் வைத்தேன்.

அண்ணி வியாழன் சாயங்காலம் திரும்பினார். நான் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேண்டும்போது எடுத்து நீட்டலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கிளம்பினோம். எனக்கும் ஆபீஸ் என்பதால் நான் பின்சீட்டில். பாதி மலை இறங்கியிருப்போம், சீட்டுக்கடியிலிருந்து ஆவி வந்தது. ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்துவிட்டது. அடிக்கடி தளர்வதுதான், அதன் திருகை அண்ணி இரண்டு சுற்றில் இறுக்கிவிடுவார். அண்ணனை இறக்கிச் சாலையோரக் கல்லில் உட்காரவைத்துவிட்டு, சூடு குறையட்டும் என்று நின்றோம். "பாப்பா, டியூப்பு சுத்துனத எடு" என்றார் அண்ணி. நான் சிவப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"இன்னாது இது?"

"புதுசு அண்ணி. உங்களுக்குத்தான். இதுலயும் ஏழு இருக்குது."

"பழசு எங்க?"

நான் சொன்னேன். அண்ணி என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். புதிய ஏழை எடுத்து உள்ளே விட்டார். அரைச் சுற்று போனது, அப்புறம் வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. கையை எடுத்துவிட்டார். "வாய் பெருசா கீது. இன்னொரு தாட்டி வெச்சா தல வழிஞ்சிடும். வுட்டுடு." ஏழு என்று அதில் செதுக்கியிருக்கிறதே, நான் படித்துப் பார்த்து வாங்கியிருக்கிறேனே, அண்ணிக்குத்தான் அழுத்தத் தெரியவில்லை என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. அவர் கையிலிருந்து அதை வாங்கி, முழு பலத்தையும் வைத்து அழுத்தித் திருப்பினேன். சரக்கென்று சுற்றியது. இறுகிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்தால், டிரைவரின் வாய் ஒரு பக்கம் விரிந்திருந்தது. கிளிப் திருகின் ஆறு முனையும் மழுங்கிக் கூழாங்கல் மாதிரி உருண்டையாக நின்றது. திருப்புளி வைக்கும் கோடு எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. இனி அதைப் பிடிக்க எதுவும் இல்லை.

அண்ணன் வீங்கிய காலோடு எழுந்து வந்து, குனிந்து, இரண்டு விரலால் அந்தத் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எனக்காவது கிட்னிதான் போச்சி. இதுக்கு மூஞ்சே போச்சி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. காலை பஸ் எங்களுக்கு முன்பே இறங்கிப் போயிருந்தது. போனில் சிக்னல் இல்லை. பைக்கில் வந்த ஒருவர் அண்ணனை ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ஏறி உட்காரவே அண்ணனால் முடியவில்லை. அண்ணி தன் சேலையில் ஒரு முழம் கிழித்து, ஹோஸின் மேல் சுற்றி, கம்பியால் கட்டினார். ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை. அரைக்கால் மைல் ஓட்டுவதும், நிறுத்தி ஆறவிடுவதும், ஓடையைத் தேடிப் போய் நான் தண்ணீர் மொண்டு வருவதும், அண்ணி ஊற்றுவதுமாக இறங்கினோம். மொண்டு வந்தது அந்த நீல மக்கில். "பழைய இரும்பப் போட்டு மக்கு வாங்குனியே, அதுவும் நல்லதாத்தான் போச்சி பாப்பா" என்றார் அண்ணன். கேலி செய்தாரா, என்னைத் தேற்றினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டியிருந்தது. அண்ணனின் படுக்கையில் சங்கராபுரத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். அவரும் எங்களைப்போல் காத்துக் கிடந்தவர்தான். யார்மேலும் குற்றம் இல்லை. மறுநாள் காலை முதல் ஆளாக ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அண்ணனால் மல்லாக்கப் படுக்க முடியவில்லை, மூச்சு அடைத்தது. தாழ்வாரத்தில் அண்ணி அவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார். விடியும்வரை இருவரும் முதுகோடு முதுகாக அப்படியே இருந்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்து, அவர் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். அந்த ஒரு நாளுக்கும் அவர் போனதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி ஒருமுறை போய்க் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த வேலையில் இருந்தாலும் அந்தத் திருகு சரக்கென்று வழுக்கியது என் உள்ளங்கையில் திரும்ப வருகிறது. கரும காரியம் முடிந்து அண்ணி தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது, வேன் சாவியை என் கையில் வைத்தார். "நீயே ஓட்டு பாப்பா." அவ்வளவுதான். அன்றாவது திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

இப்போது வேனை நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் பழுது பார்க்கிறேன். சிவப்புப் பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொருவர் கையில் அது போகக்கூடாது என்று புதைத்துவிட்டேன். அதே கடைவீதியில், கைக்குட்டையில் நட்டுகளை முடிந்துகொண்டு போய், காதருகே ஆட்டி, வெளிச்சத்தில் பார்த்து, கோடு இழுத்து, ஒன்றரை வருடத்தில் ஐந்து வாங்கினேன். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டடி தள்ளி நிற்கவில்லை.

போன மாதம் அந்த ஐந்தையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு திருக்கோவிலூர் வழியாக மணலூர்பேட்டைக்குப் போனேன். அண்ணி நடவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் துணியை விரித்தேன். என்ன கேட்கப் போனேன், என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி என்னைப் பார்க்காமல் ஐந்தையும் பார்த்தார். முந்தானையை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். இன்னும் அந்த நட்டுகளை முடிந்து வைத்திருந்தார். பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து, எட்டு என்று ஒவ்வொன்றாக வைத்துக் காதருகே ஆட்டினார். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. ஏழுக்கு அவர் எடுத்தது பழைய போல்ட்டுத் தலை இல்லை. உருண்டையாக மழுங்கிய ஒரு கிளிப் திருகு.

"அண்ணி, இது எப்டி..."

"அந்தக் கிளிப்ப அறுத்து எடுத்தான் இல்ல மெக்கானிக்கு, அவங்கிட்டக் கேட்டு வாங்கினேன். உங்க அண்ணன் வெரலு வெச்சித் திருப்பிப் பாத்தாரில்ல."

நான் கொண்டுபோன ஏழை எடுத்து அந்தத் திருகின்மேல் வைத்தார். மெதுவாகத் திருப்பினார். திருகு அசையாமல் அவர் விரலிடுக்கில் இருக்க, டிரைவர் மட்டும் அதன்மேல் சும்மா சுற்றியது. இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நல்ல சாமான்தான் பாப்பா. பாத்துத்தான் வாங்கியிருக்க. இதுல இனிமே எத வெச்சாலும் புடிக்காது."

நட்டுகளையும் அந்தத் திருகையும் அள்ளி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனார். இடுப்பில் அதே சத்தம் கேட்டது. வழி விடச் சொல்லத்தான் ஆள் இல்லை.